கோணல் ஸ்டீயரிங்: வீலைக் கழற்றும் முன் கீழே குனிந்து பாருங்கள்

“அண்ணே, வண்டி நேராத்தான் போகுது. ஸ்டீயரிங் மட்டும் நாலு விரல் கோணலா நிக்குது. கழட்டி ரெண்டு பல்லு தள்ளி மாட்டிக் குடுங்க.”

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பட்டறைகளில் பழைய லாரியோ 407-ஓ வந்து நின்றால் டிரைவர் சொல்வது இதுதான். பட்டறைக்காரருக்கும் இது பத்து நிமிட வேலை. ஹாரன் மூடியை எடுத்து, நட்டைக் கழற்றி, வீலை இழுத்து, நேராக வைத்து, திரும்ப முடுக்கிவிட்டால் பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் கோணல் அங்கே இல்லை. ஸ்டீயரிங் வீல் என்பது கடிகார முள் மாதிரி. உள்ளே எங்கோ நகர்ந்த ஒன்றை அது காட்டுகிறது. முள்ளைத் திருப்பி வைத்தால் கடிகாரம் சரியாகிவிடாது.

இங்கே சொல்வதெல்லாம் முன்பக்கம் ஒரே துண்டு இரும்பு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்கு. பழைய டாடா 1210, 1613, லேலண்டு காமெட், டாடா 407 எல்லாம் இந்த வகை. இவற்றில் ஸ்டீயரிங் பாக்ஸ் வலது பக்கச் சேசிஸில் இருக்கும். பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும். அதிலிருந்து டிராக் லிங்க் வலது முன் சக்கரத்தின் ஆர்முக்குப் போகும். வலது சக்கரத்தையும் இடது சக்கரத்தையும் டை ராடு கட்டிப்போட்டிருக்கும். ஆக, டிரைவர் கைக்கும் ரோட்டுக்கும் நடுவில் கூட்டிக் குறைக்க இருக்கும் நீளம் டிராக் லிங்கின் நீளம்தான். முன்னால் காயில் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ உள்ள பிக்அப்புகளுக்குக் கணக்கு வேறு. அவற்றில் இரண்டு பக்க டை ராடையும் ஒரே அளவில், ஒன்றை நீட்டி மற்றதைக் குறைத்துத்தான் வீலை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

வீலை மட்டும் பிடுங்கி மாட்டுவதில் என்ன கெடுதல்? ஸ்டீயரிங் பாக்ஸுக்கு ஒரு நடு உண்டு. நேராகப் போகும்போது பல்லும் பல்லும் மிக நெருக்கமாகக் கடிக்கும்படி அந்த நடுவை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகவே செய்திருப்பார்கள். இரண்டு பக்கமும் திருப்பத் திருப்ப ஆட்டம் கூடும். வண்டி ரோட்டில் நேராகப் போகும்போது பாக்ஸும் அந்த இறுக்கமான இடத்தில் இருந்தால்தான் கைக்குள் நிற்கும். வீலைப் பல் தள்ளி மாட்டினால் பார்வைக்கு எல்லாம் நேர். உள்ளே பாக்ஸ் நடுவை விட்டு ஒதுங்கிய இடத்திலேயே ஓடும். ஸ்டீயரிங்கில் ஆட்டம் தெரியும், வண்டி ரோட்டில் மேயும். “பாக்ஸ் லூசு” என்று சொல்லி மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குருவை யாராவது முடுக்குவார்கள். ஒதுங்கிய இடத்தில் வைத்து முடுக்கிய பாக்ஸ், நடுவைக் கடக்கும்போது பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. அதற்கு மேல் ஓட்டினால் பல் தேய்ந்து பாக்ஸே மாற்ற வேண்டிவரும். ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாகத் திரும்புவதும் இதனால் வருவதுதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர் மாதிரி நேர் வீதியும் செங்கோண முக்குமாக இருக்கும் ஊர்களில், ஒரே முக்கில் வலப்பக்கம் ஒரே மூச்சில் திரும்புகிற லாரி இடப்பக்கம் திரும்ப ரிவர்ஸ் எடுத்தால் சந்தேகப்படுங்கள்.

முதலில் உண்மையிலேயே கோணலா என்று பாருங்கள். நம் ரோடுகள் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடது ஓரமாகப் போகும் லாரி சரிவில் இடப்பக்கம் இறங்கப் பார்க்கும், டிரைவர் தன்னை அறியாமல் ஒரு விரல் வலப்பக்கம் பிடித்திருப்பார். அந்த ஒரு விரலுக்கு எந்த வேலையும் வேண்டாம். வண்டி இல்லாத அதிகாலையில், சரிவில்லாத அகலமான ரோட்டில், நடுக்கோட்டை ஒட்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, அப்போது வீல் எங்கே நிற்கிறது என்று வீலின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கையைத் தளர்த்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அது வேறு நோய். டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொள்வது, ஹப் பேரிங், ஆக்சில் நகர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இழுக்காமல் நேராகப் போய் வீல் மட்டும் சாய்ந்து நின்றால்தான் இந்தப் பதிவின் விஷயம். பிரேக் போடும்போது மட்டும் வீல் சுண்டினால் முன் பிரேக் இரண்டும் சமமாகப் பிடிக்கவில்லை, அல்லது பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் லூசு.

இனி கீழே குனியலாம். டிராக் லிங்கைத் தொடும் முன் எது நகர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். நேற்றுவரை நேராக இருந்த ஸ்டீயரிங் இன்று கோணினால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, உடைந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அதை விட்டுவிட்டு லிங்கை நீட்டிச் சரிசெய்வது காய்ச்சலுக்கு விசிறி வீசுகிற கதை.

அதிகம் மாட்டுவது பட்டையின் சென்டர் போல்ட். பட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, அதன் தலை ஆக்சிலில் உள்ள குழிக்குள் உட்கார்ந்திருக்கும். ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் காப்பது அந்தச் சிறு தலைதான். யூ போல்ட் தளர்ந்தபின் கண்மாய்க் கரைப் பள்ளத்திலோ பெயரே இல்லாத ஒரு வேகத்தடையிலோ முன் சக்கரம் அடி வாங்கினால் சென்டர் போல்ட் வெட்டிக்கொள்ளும், ஆக்சில் அந்தப் பக்கம் பின்னால் போகும். போல்ட் உடைந்தது வெளியே தெரியாது. ஆக்சில் மேடையும் அடிப்பட்டையும் சேரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். மற்ற இடமெல்லாம் கிரீசும் செம்மண்ணும் அப்பிக் கறுத்திருக்க, ஓரத்தில் மட்டும் புதிதாக உரசிய பளபளப்பு ஒரு கீற்று தெரிந்தாலும், காவி நிறத்தில் துருப்பொடி கசிந்திருந்தாலும் ஆக்சில் நகர்ந்திருக்கிறது.

அளந்தும் உறுதிசெய்யலாம். கொத்தனார் தூக்குக்குண்டு போதும். பட்டையின் முன்முனையைச் சேசிஸோடு பிடிக்கும் ஆணிக்கு நேராகக் குண்டைத் தொங்கவிட்டு தரையில் சாக்பீஸ் புள்ளி. ஆக்சிலில் பட்டை உட்காரும் இடத்தின் முன் விளிம்புக்கு இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் அளவு எடுத்து, அதையே அடுத்த பக்கமும் எடுங்கள். இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் விடக்கூடாது. (கால் இஞ்சைத்தான் இரண்டு நூல் என்கிறோம், ஒரு நூல் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்.) பின் ஆக்சிலுக்கும் இதையே செய்யுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின் ஆக்சில் வலப்பக்கம் பின்வாங்கினால் பின் டயர்கள் வலப்பக்கம் பார்க்கும், வண்டியின் மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதைச் சமாளிக்க டிரைவர் ஸ்டீயரிங்கை எப்போதும் வலப்பக்கம் பிடித்திருப்பார். முன்னால் எத்தனை தடவை அலைன்மென்ட் பார்த்தாலும் இது தீராது. சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வண்டியை நேராக ஓட்டிப் பின்னால் இருக்கும் ஈரத் தடத்தைப் பாருங்கள். முன் டயர்த் தடத்துக்கு இரு பக்கமும் பின் டயர்த் தடம் சமமாக விழ வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கி விழுந்தால் வண்டி நண்டு நடை நடக்கிறது.

அடுத்து, உதவிக்கு ஒருவரைக் கேபினில் உட்காரவைத்து, டயர் தரையில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஒவ்வொரு பால் ஜாயின்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். டிராப் ஆர்ம் நட்டு, பாக்ஸைச் சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகள், அந்த போல்ட்டுத் துளையிலிருந்து கிளம்பும் விரிசல், எல்லாம் இப்போதே பார்க்க வேண்டியவை. பிறகு ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம், ஸ்டாண்டு போடுங்கள். செங்கல் அடுக்குவது ஆபத்து, பாரம் ஏறினால் நொறுங்கும். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை தேடினால், இடித்த வீட்டு பர்மா தேக்குத் துண்டுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

டை ராடோ டிராக் லிங்கோ வளைந்திருந்தால் மாற்றுங்கள். கேஸ் வைத்துச் சூடேற்றிப் பெண்டு எடுக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. சூடேறிய ராடு பலம் இழந்து, இன்னொரு பள்ளத்தில் மறுபடி வளையும் அல்லது முறியும். இந்த ஒரு ராடு முறிந்தால் கையில் ஸ்டீயரிங் இருந்தும் வண்டி நம்முடையது இல்லை.

பழுதெல்லாம் எடுத்தபின் டோ-இன், அதாவது முன் டயர்கள் இரண்டும் முன்பக்கம் கொஞ்சம் உள்நோக்கிப் பார்க்கும் அளவு. இதை டிராக் லிங்குக்கு முன்னால் முடிக்க வேண்டும். டை ராடின் நீளத்தை மாற்றினால் அதில் பாதி வலது சக்கரத்தின் மேல் விழும், ஸ்டீயரிங் வீலும் அதற்கேற்ப நகரும். வரிசை மாறினால் அதே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டியதுதான். நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இதற்கு நல்ல இடம். முன் டயரைத் தூக்கிச் சுற்றவிட்டு, அசையாமல் பிடித்த ஆணியால் டிரெட்டின் நடுவில் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். இரண்டு டயருக்கும் கீறி, இறக்கி, வண்டியைப் பத்தடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் தள்ளக்கூடாது, ஜாயின்டுகளின் ஆட்டம் எதிர்ப்பக்கம் போய்விடும். ஹப் உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. முன்னளவு குறைவாக இருந்தால் டோ-இன். பழைய லாரிகளில் பெரும்பாலும் 0 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும், ஆனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே முடிவு. டயரும் பேசும்: டிரெட்டின் மேல் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கையை இழுக்கும்போது ரம்பம் போலக் கீறினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்போது கீறினால் டோ-அவுட்.

இப்போதுதான் மெயின் வேலை. டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்கைப் பிரிக்க வேண்டும். ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றியபின்னும் பால் பின்னின் கூம்பு வடிவ டேப்பர் துளையில் பிடித்துக்கொண்டிருக்கும். மரை மேல் அடிக்காதீர்கள். ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணை கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரு நல்ல அடி. ஒன்றிரண்டு அடியில் தானாக விழும்.

லிங்க் பிரிந்ததும் கேபினுக்குப் போய் வீலை மெதுவாக ஒரு கோடி வரை திருப்புங்கள். கடைசியில் இடிக்கக் கூடாது, தொட்டால் போதும். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஆஃபில் இருக்கட்டும். டேப் ஒட்டிய இடத்தை வைத்து அடுத்த கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு ஐந்தே கால் சுற்று வந்தால் பாதி இரண்டரையே அரைக்கால். கோடியிலிருந்து அவ்வளவு திருப்பி வந்தால் பாக்ஸின் நடு. அந்த இடத்தைக் கடக்கும்போது கைக்கு லேசான இறுக்கம் தெரியும். கணக்கும் கையும் ஒரே இடத்தைச் சொன்னால் பாக்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது. லிங்கைப் பிரிக்காமலே சுற்று எண்ணுபவர்கள் உண்டு. அப்போது நிற்பது சக்கரத்தின் திருப்பத்துக்கு எல்லை வைக்கும் ஆக்சிலின் ஸ்டாப் போல்ட்டில், பாக்ஸின் கோடியில் அல்ல. இரண்டு பக்க ஸ்டாப் போல்ட்டும் ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பாக்ஸ் நடுவில் இருக்கும்போது ஸ்டீயரிங் வீலைப் பாருங்கள். கம்பிகள் நேராக இருந்தால் வீல் சரி, குறை கீழே லிங்கில். கம்பிகள் கோணலாக இருந்தால் முன்பே யாரோ பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். அப்போது மட்டும்தான் வீலைக் கழற்றலாம், கழற்றவும் வேண்டும். புல்லர் போட்டுக் கழற்றுங்கள். ஷாஃப்ட் தலையில் சுத்தியல் பட்டால் மரையும் போகும், உள்ளே பேரிங்கும் போகும். நட்டை முழுதாக எடுக்காமல் நாலு மரை விட்டு வைத்தால் வீல் சட்டென்று கழன்று மூஞ்சியில் அடிக்காது. ஷாஃப்டிலும் வீலிலும் பஞ்ச் குறி வைத்துக்கொள்ளுங்கள். 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி நகரும்.

அடுத்தது முன் சக்கரங்களை நேராக்குவது. பின்னால் வெளிப்பக்க டயரின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் ஒட்டியபடி கொத்தனார் நூலை ஹப் உயரத்தில் இழுத்து முன் சக்கரம் தாண்டிக் கட்டுங்கள். இரு பக்கமும் கட்டியபின், நூலுக்கும் முன் ரிம்மின் முன் விளிம்புக்கும் ஒரு அளவு, பின் விளிம்புக்கும் ஒரு அளவு. டோ-இன் இருப்பதால் ஒரே சக்கரத்தில் இந்த இரண்டும் கொஞ்சம் மாறும். மாறுவது இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் சக்கரங்கள் நேர்.

பாக்ஸ் நடுவில், வீல் நேரில், டயர்கள் நேரில். இப்போது டிராக் லிங்கின் பால் பின்னை டிராப் ஆர்மின் துளைக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் லிங்கை நீட்ட வேண்டும், தாண்டிப் போனால் குறைக்க வேண்டும். எந்தப் பக்கம் கோணினால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, துளையே சொல்லிவிடும்.

எவ்வளவு நீட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று கேட்டால், ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம். பாக்ஸ் 20-க்கு 1 (வீல் 20 டிகிரி திரும்பினால் டிராப் ஆர்ம் ஒரு டிகிரி), டிராப் ஆர்ம் 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வீலில் 18 டிகிரி கோணல் என்பது டிராப் ஆர்மில் ஒரு டிகிரிக்கும் குறைவு. லிங்கின் நீளத்தில் அது மூன்று மில்லிமீட்டர் சொச்சம், அதாவது ஒரு நூல். அரை மீட்டர் வீலின் விளிம்பில் 18 டிகிரி நாலு விரல் அகலம். ஆக நாலு விரல் கோணலுக்கு ஒரு நூல். மரை 1.5 மில்லிமீட்டர் பிட்ச் என்றால் ஒரு பக்க மரை உள்ள லிங்கில் இரண்டு சுற்று. இரு பக்கமும் எதிரெதிர் மரை உள்ள குழாயில் ஒரே ஒரு சுற்று. இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். வீல் அரைச் சுற்றுக்கு மேல் கோணியிருந்தால் லிங்கில் முப்பது மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படும். அது அட்ஜஸ்ட் செய்கிற அளவே இல்லை. யாரோ டிராப் ஆர்மை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். பல ஆர்ம்களில் ஷாஃப்டோடு சேர்த்துப் பார்க்க ஒரு குறி இருக்கும், கிரீசைத் துடைத்தால் தெரியும்.

லிங்கின் கிளாம்ப் போல்ட் துருப்பிடித்திருந்தால் முதல்நாள் இரவே டீசல் ஊற்றி ஊறவிடுங்கள். நீட்டும்போது கிளாம்பின் பிளவு வழியாகப் பார்த்தால் உள்ளே மரை தெரிய வேண்டும். மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே இருக்கட்டும். அதற்கும் குறைவாக உள்ளே நிற்கும் அளவுக்கு மரை வெளியே வந்தால் தவறு வேறு எங்கோ இருக்கிறது. இரண்டு முனைகளின் பாலும் ஒரே வாட்டத்தில் நிற்கும்படி வைத்துக் கிளாம்பை முடுக்குங்கள். ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றால் திருப்பும்போது இடித்து ஜாயின்டைச் சாப்பிட்டுவிடும். கிளாம்ப் போல்ட்டின் தலை முழுத் திருப்பத்தில் பட்டையிலோ சேசிஸிலோ படக் கூடாது. நட்டில் ஸ்பிளிட் பின் போடும் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் முடுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. ஸ்பிளிட் பின் புதிதாகவே போடுங்கள். ஆணியும் கட்டுக்கம்பியும் ஸ்பிளிட் பின் ஆகாது. சில லிங்குகளுக்கு நீட்டக் குறைக்க மரையே இருக்காது. அதில் கோணல் வந்தால் ஏதோ வளைந்தது அல்லது நகர்ந்தது என்றே அர்த்தம், திரும்பப் பட்டைக்குப் போங்கள்.

மாட்டியபின் இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். பாக்ஸ் தன் கோடியைத் தொடும் முன் ஆக்சிலின் ஸ்டாப் போல்ட் தொட வேண்டும். டயர் பட்டையில் உரசக் கூடாது, பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. பவர் ஸ்டீயரிங் பாக்ஸில் கோடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இருந்தால் அதன் அளவையும் புதிதாக வைக்க வேண்டும்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது, இந்தப் பக்கத்துக்குப் பொருந்துவது. பாரம் ஏறும்போது முன் பட்டை இறங்கும், டிராக் லிங்கின் சாய்வு மாறும், வீலும் கொஞ்சம் நகரும். ஆத்தங்குடி தரைக்கல் ஏற்றுகிற வண்டி போகும்போது நிறை பாரம், வரும்போது காலி. காலியில் நேராக வைத்தால் பாரத்தில் ஒரு விரல் கோணும். மாதத்தில் பெரும்பகுதி எந்த நிலையில் ஓடுகிறதோ அந்த நிலையில் வைப்பதே நல்லது. அப்படி உடையும் சரக்கை ஏற்றிக்கொண்டு இந்த வேலை செய்ய முடியாதுதான், அதே எடைக்கு மண் மூட்டை அடுக்கிப் பாருங்கள். காலிக்கும் பாரத்துக்கும் மூன்று நாலு விரல் வித்தியாசம் வந்தால் பட்டை களைத்துவிட்டது. ஒரு பக்கப் பட்டை மட்டும் தொய்ந்திருந்தாலும் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பட்டையைத் தொட்டிருந்தால் யூ போல்ட்டை வண்டியின் எடை பட்டையில் இருக்கும்போது, குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். முதல் பார நடை போய்வந்ததும், அல்லது 500 கிலோமீட்டரில், மறுபடி ஸ்பானர் போடுங்கள். புதுப் பட்டை உட்கார்ந்து யூ போல்ட் கட்டாயம் தளர்ந்திருக்கும். அப்படியே டிராக் லிங்கின் கிளாம்ப், டிராப் ஆர்ம் நட்டு, ஸ்பிளிட் பின்கள் மேல் ஒரு பார்வை. வீல் உச்சியில் ஒட்டிய டேப்பை அதுவரை எடுக்க வேண்டாம்.